பூட்டை உடைத்துத் திறந்த ஆஸ்பத்திரி: ஜோகன்னஸ்பர்க், 1904

காந்தி என்றதும் உப்பு, கதர், உண்ணாவிரதம் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். ஒரு பிளேக் ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கக் கண்விழித்து நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, படுக்கையைச் சுத்தம் செய்த காந்தி அவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருவதில்லை. 'சத்திய சோதனை'யின் நான்காம் பாகத்தில் சில அத்தியாயங்களில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். பாடப் புத்தகங்களில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்குக் கிடைத்த இடம் இந்த ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஊரில் ஒரு கொள்ளைநோய் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களால் என்ன செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும். நடந்த இடம் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். காலம் 1904 மார்ச், ஏப்ரல்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. ஜோகன்னஸ்பர்க் தங்கத்தால் உருவான ஊர். 1886-ல் தங்கம் கிடைத்தது, பத்தே வருடங்களில் பெரிய நகரமாகிவிட்டது. அங்கே இந்தியர்கள் வசிக்க என்று ஒதுக்கப்பட்ட பகுதிக்கு 'கூலி லொகேஷன்' என்று பெயர். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்கும் சரி, சொந்தக் காசில் கடை வைக்க வந்தவருக்கும் சரி, பாரிஸ்டருக்கும் சரி, வெள்ளைக்காரர்கள் கொடுத்த பட்டம் ஒன்றுதான்... 'கூலி'. காந்தியே அங்கே 'கூலி பாரிஸ்டர்'தான்! லொகேஷனில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள், படிப்பறிவு இல்லாதவர்கள். அவர்களோடு கறுப்பின மக்களும் அங்கே குடியிருந்தார்கள்.

லொகேஷனில் மனைகள் 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. ஜனத்தொகை ஏறிக்கொண்டே போனது, இடம் மட்டும் ஓர் அடி கூடப் பெருகவில்லை. நல்ல சாலை கிடையாது, விளக்கு கிடையாது. கக்கூஸ் எடுக்க ஆள் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இதைச் சரிசெய்ய வேண்டிய நகராட்சி என்ன செய்தது தெரியுமா? "இந்த இடம் சுகாதாரக் கேடு" என்று சொல்லி, மொத்த லொகேஷனையும் கையகப்படுத்தச் சட்டம் வாங்கிக்கொண்டது. தன் அலட்சியத்தால் வந்த அழுக்கையே காரணமாகக் காட்டி அங்கிருந்தவர்களை வெளியேற்றும் திட்டம் அது.

குத்தகைதாரர்களின் நஷ்ட ஈட்டு வழக்குகளை நடத்தியவர் காந்தி. ஏறக்குறைய 70 வழக்குகளில் ஒன்றே ஒன்றுதான் தோற்றது. ஆனால் வழக்கில் ஜெயித்ததால் குடியிருப்பு ஒன்றும் மாறிவிடவில்லை. 1903 இறுதிக்குள் இடம் நகராட்சியின் சொத்தாகிவிட்டது. மாற்று இடம் ஏற்பாடாகாததால் மக்கள் அங்கேயே, இப்போது நகராட்சிக்கு வாடகை கட்டும் குடித்தனக்காரர்களாக இருந்தார்கள். மனைக்குச் சொந்தக்காரராக இருந்தவரைக்கும் கொஞ்சமாவது பெருக்கி, கூட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ காலி செய்யச் சொல்லப்போகிற இடத்தை யார் சுத்தம் செய்வார்கள்? சொந்தக்காரரான நகராட்சியோ முன்பைவிட மோசம். வாடகை மட்டும் தவறாமல் வந்தது.

1904 பிப்ரவரி 11-ஆம் தேதி நகராட்சி சுகாதார அதிகாரி டாக்டர் போர்ட்டருக்குக் காந்தி ஒரு கடிதம் எழுதினார். அறைகளில் ஆட்கள் அடைந்து கிடக்கிறார்கள், துப்புரவு வேலை ஒழுங்காக நடக்கவில்லை, இப்படியே விட்டால் நோய் வெடிக்கும் என்பது அதன் சாரம். பிளேக் வருவதற்குச் சுமார் ஐந்து வாரம் முன்பு! அடுத்தடுத்தும் எழுதினார். பலன் இல்லை. பிற்பாடு "யார் குற்றம்" என்று கேள்வி வந்தபோது இந்தக் கடிதங்கள்தான் சாட்சி. கொள்ளைநோய்க் காலத்தில் செய்யக்கூடிய உதவிகளில் இது ஒரு வகை, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத வகை. நோய் வருவதற்கு முன்பே எழுத்தில் எச்சரித்து, தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்வது.

பிளேக் அப்போது உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. 1894-ல் ஹாங்காங்கில் வெடித்து, 1896-ல் பம்பாய்க்கு வந்து, போயர் போர் நடந்துகொண்டிருந்த 1901-ல் கேப்டவுனில் இறங்கியது. கிருமியை ஹாங்காங்கில் 1894-லேயே அலெக்சாண்டர் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால்-லூயி சிமோன் 1898-ல் கராச்சியில் காட்டியும், 1904 வரை பெரும்பாலான மருத்துவர்கள் அதை நம்பவில்லை. அழுக்கு, நாற்றம், ஏழை ஜனம்... இவைதான் நோய்க்குக் காரணம் என்பது நகராட்சிகளின் எண்ணம்.

நெறிகட்டி வரும் பிளேக் ஒரு வகை. நுரையீரலைத் தாக்கும் பிளேக் இன்னொரு வகை. இரண்டாவதுக்குத் தெள்ளுப்பூச்சிகூட வேண்டாம், இருமினாலே போதும், எதிரில் இருப்பவருக்குத் தொற்றிக்கொள்ளும். சிகிச்சை இல்லாவிட்டால் பிழைப்பவர் அபூர்வம். ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளுக்கு இன்னும் 40 வருடம் காத்திருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும் என்று பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-தே மஞ்சூரியாவில் வற்புறுத்தியதே 1910-11-ல்தான். ஜோகன்னஸ்பர்க்கில் வந்தது இந்த நுரையீரல் பிளேக்.

அது லொகேஷனிலிருந்து கிளம்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நகரத்துக்கு அருகில் இருந்த ஒரு தங்கச் சுரங்கத்தில்தான் முதலில் வந்தது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள், அவர்கள் தங்கிய இடத்தின் சுத்தத்துக்குப் பொறுப்பு வெள்ளை முதலாளிகள். அதே சுரங்கத்தில் சில இந்தியர்களும் வேலை பார்த்தார்கள். அவர்களில் 23 பேருக்கு நோய் தொற்றி, 1904 மார்ச் 18-ஆம் தேதி மாலை லொகேஷனில் உள்ள தங்கள் இருப்பிடங்களுக்கு முற்றிய நிலையில் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நேரத்தில் லொகேஷனில் தற்செயலாக இருந்தவர் மதன்ஜித் என்ற குஜராத்திக்காரர். 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகைக்குச் சந்தா சேர்க்க வந்தவர். (1903 ஜூனில் டர்பனில் தொடங்கிய இந்தப் பத்திரிகை ஆரம்பத்தில் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. மதன்ஜித்தின் அச்சகத்தில்தான் அச்சானது.) சந்தா வசூலிக்க வந்த மனிதர் என்ன செய்யலாம்? ஓடிவிடலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்தார். நோயாளிகள் அத்தனை பேரையும் அதற்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். பிறகு பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் காந்திக்கு அனுப்பினார்: பிளேக் வந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று.

இந்த ஒரு செயலில் எவ்வளவு இருக்கிறது! பூட்டை உடைத்தது சட்டப்படி குற்றம், அதுவும் நகராட்சியின் கட்டடம். ஆனால் 23 பேரும் அவரவர் நெரிசலான அறைகளில் படுத்திருந்தால் மறுநாள் காலைக்குள் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும்? தனிமைப்படுத்தல் என்பதை ஒரு மருத்துவரும் அதிகாரியும் வந்து சொல்வதற்கு முன்பே ஒரு பத்திரிகைக்காரர் செய்து முடித்துவிட்டார். உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை, அதேசமயம் தானே எல்லாம் பார்த்துக்கொள்வேன் என்றும் இருக்கவில்லை. உடனே ஆள் அனுப்பினார்.

காந்தி சைக்கிளில் வந்து சேர்ந்தார். வந்ததும் எந்தச் சூழ்நிலையில் வீட்டை எடுத்துக்கொண்டோம் என்று நகராட்சியின் டவுன் கிளார்க்குக்கு எழுதி அனுப்பினார். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை என்பது முக்கியம். ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் நடத்திவந்த டாக்டர் வில்லியம் காட்ஃப்ரே செய்தி கேட்டதும் ஓடி வந்தார். டாக்டரும் அவரே, நர்ஸும் அவரே என்று இரண்டு வேலையையும் பார்த்தார்.

23 நோயாளிகளை மூன்று பேரால் கவனிக்க முடியாது. காந்தியின் அலுவலகத்தில் நான்கு இந்திய இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். கல்யாண்தாஸ், மணேக்லால், குணவந்த்ராய் தேசாய், இன்னொருவர். கல்யாண்தாஸுக்கும் மணேக்லாலுக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதனால்தான் அவர்களைக் கேட்பது என்று காந்தி முடிவெடுத்தார். நால்வரும் தயங்காமல் சம்மதித்தார்கள். அதே அலுவலகத்தில் ரிட்ச் என்ற ஆங்கிலேயரும் இருந்தார், நானும் வருகிறேன் என்று நின்றார். அவருக்கோ பெரிய குடும்பம். அவரை உள்ளே விடாமல், நோயாளிகளைத் தொட வேண்டியிராத வெளி வேலைகளைக் கொடுத்தார்.

உதவி செய்யக் கிளம்புகிறவர்களில் யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்று கணக்குப் பார்ப்பது கோழைத்தனம் போலத் தோன்றலாம். உண்மையில் இதுதான் பெரும்பாலான தொண்டர் படைகள் கோட்டை விடும் இடம். உணர்ச்சிவசப்பட்டு எல்லோரும் உள்ளே ஓடினால் ஒரு வாரத்தில் தொண்டர்களே நோயாளிகள்.

காந்திக்கும் இது முதல் அனுபவம் அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தபோது ராஜ்கோட்டில் சுகாதாரக் குழுவில் சேர்ந்து வீடு வீடாகக் கக்கூஸ்களைப் பார்வையிட்டார். ஏழைகள் மறுப்பில்லாமல் காட்டினார்கள், பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் உள்ளேயே விடவில்லை. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் சேரிக்கு வரக் குழுவில் ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். போய்ப் பார்த்தால் அந்த வீடுகள்தான் சுத்தமாக இருந்தன! டர்பனில் டாக்டர் பூத் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் மருந்து கலந்து கொடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். அங்கே வந்த நோயாளிகளில் பெரும்பாலானோர் தமிழ், தெலுங்கு, வட இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள். 1899-1900 போயர் போரில் சுமார் 1,100 இந்தியர்களைக் கொண்ட ஆம்புலன்ஸ் படை அமைத்தவரும் அவர்தான். ஆக, 1904 மார்ச் 18 ராத்திரி அந்த வீட்டுக்குள் நுழைந்தவர் திடீர்த் தொண்டர் இல்லை.

அந்த இரவு பயங்கரமான இரவு. மருந்து கொடுப்பது, தேவையானதைச் செய்வது, படுக்கையைச் சுத்தமாக வைப்பது, தைரியம் சொல்வது... செய்யக்கூடியது அவ்வளவுதான். விடியும்வரை ஒருவரும் சாகவில்லை என்று காந்தி நினைவுகூர்கிறார்.

மறுநாள் நகராட்சி நன்றி சொன்னது. ஒரு காலியான கிடங்கைக் கொடுத்தது. அதைச் சுத்தம் செய்யக்கூட அது ஆள் தரவில்லை. குப்பையும் அழுக்குமாகக் கிடந்த அந்தக் கிடங்கை இவர்களே கழுவிப் பெருக்கினார்கள். வசதியுள்ள இந்தியர்களிடம் கட்டில், படுக்கை கேட்டு வாங்கினார்கள். சில மணி நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரி தயார். நகராட்சி ஒரு நர்ஸை அனுப்பியது, கூடவே பிராந்திப் பாட்டில்களையும் அனுப்பியது. நோயாளிகளுக்கு அடிக்கடி பிராந்தி கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு, அன்றைய மருத்துவம் அப்படி. தொண்டர்களும் தடுப்புக்காகக் குடிக்கலாம் என்று நர்ஸ் சொன்னார். ஒருவரும் தொடவில்லை.

காந்திக்கு மண் சிகிச்சையில் நம்பிக்கை. டாக்டர் காட்ஃப்ரேயின் அனுமதியோடு, பிராந்தி வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட மூன்று நோயாளிகளுக்குத் தலையிலும் மார்பிலும் ஈர மண் கட்டுப் போட்டார். அவர்களில் இருவர் பிழைத்தார்கள். மற்ற எல்லோரும் கிடங்கிலேயே இறந்துபோனார்கள். ஆக 23 பேரில் 2 பேர்.

இதை வைத்து மண் பிளேக்கைக் குணப்படுத்தும் என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். சரியில்லை. மூன்று பேரை வைத்து எந்த மருந்தையும் நிரூபிக்க முடியாது. மூவரும் மற்றவர்களைவிடத் தெம்பாக இருந்தவர்களாக இருக்கலாம். காந்தியேகூட அந்த இருவர் எப்படிப் பிழைத்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறார், தன் நம்பிக்கை கூடியது என்பதை மட்டும் மறைக்கவில்லை. டாக்டரைக் கேட்டு, நோயாளிகளைக் கேட்டுச் செய்தார் என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அந்த நர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. இரக்கமுள்ள பெண்மணி. நோயாளிகளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆசைப்பட்டார். அவருக்குத் தொற்றிவிடக்கூடாதே என்று தொண்டர்கள் அவரை அதிகம் நெருங்க விடவில்லை. பிழைத்த இருவரையும் ஊரிலிருந்து 7 மைல் தள்ளியிருந்த தொற்றுநோய் மருத்துவமனைக்கு மாற்றிய சில நாட்களில் அவருக்கே நோய் கண்டு இறந்துபோனார். காந்தியும் மற்றவர்களும் தப்பினார்கள். ஏன் இவருக்கு மட்டும் வந்தது என்பதற்கு விளக்கம் கிடையாது. 'சத்திய சோதனை'யில் அவர் பெயர் இல்லை. இறந்துபோன சுரங்கத் தொழிலாளர்களின் பெயர்களும் இல்லை.

இந்த நாட்களில் காந்தி இன்னொரு சின்ன ஒழுங்கைக் கடைப்பிடித்தார். வழக்கமாகச் சாப்பிடும் சைவ உணவு விடுதிக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். பிளேக் நோயாளிகளைத் தொட்டுவிட்டு வருகிறேன், யாரோடும் கலக்க விரும்பவில்லை என்று முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். அதே விடுதியில் தினமும் சந்திக்கும் ஆல்பர்ட் வெஸ்ட் என்ற அச்சகத்துக்காரர், இரண்டு நாள் காந்தியைக் காணாமல் வீட்டுக் கதவைத் தட்டினார், நானும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். காந்தி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் டர்பனுக்கு அனுப்பினார். மதன்ஜித் இங்கே மாட்டிக்கொண்டதால் அங்கே பத்திரிகையைப் பார்க்க ஆள் இல்லை. நகராட்சிதான் குற்றவாளி என்று காந்தி பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஹென்றி போலக் அறிமுகமானார். அங்கிருந்து ரஸ்கின், ஃபீனிக்ஸ் பண்ணை என்று போகும் கதை எல்லோருக்கும் தெரிந்தது.

நோயாளிகள் போனபின்தான் பெரிய வேலை ஆரம்பித்தது. நகராட்சி இப்போது விழித்துக்கொண்டது, வெள்ளைக்காரர் பகுதிக்கு நோய் பரவிவிடுமே என்ற பயத்தில் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தது. லொகேஷனைச் சுற்றிக் காவல். அனுமதி இல்லாமல் யாரும் உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாது. எல்லோரையும் காலி செய்து 13 மைல் தள்ளி கிளிப்ஸ்ப்ரூட் என்ற இடத்தில் கூடாரங்களில் வைப்பது, பிறகு லொகேஷனைக் கொளுத்துவது என்று முடிவாயிற்று.

இதே மாதிரி முடிவுகள் புனாவில் 1897-ல் எப்படி முடிந்தன என்பது இந்தியர்களுக்குத் தெரியும். அங்கே பிளேக் அதிகாரி ராண்டின் தலைமையில் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதனை போட்டார்கள், சாமான்களை வெளியே எறிந்தார்கள். ஜூன் 22-ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். (அதே புனாவில் அதே வருடம் பிளேக் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, நோய் தொற்றி மார்ச் 10-ஆம் தேதி இறந்தவர் சாவித்ரிபாய் புலே. ஒரே ஊரில் இரண்டு விதமான பிளேக் நிவாரணம்!) ஜோகன்னஸ்பர்க்கில் துப்பாக்கி வெடிக்கவில்லை. காரணம், மக்களுக்கும் நகராட்சிக்கும் நடுவில் நின்றவர்களை மக்கள் நம்பினார்கள். லொகேஷன்வாசிகள் காந்தியை 'பாய்', அதாவது அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அவர் போகலாம் என்றால் போகத் தயாராக இருந்தார்கள்.

ஆனால் போவதற்கு முன் ஒரு பிரச்சனை. பணம்!

ஏழைகள்தான், ஆனாலும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருந்தது. வங்கிக் கணக்கு யாருக்கும் கிடையாது. எல்லாம் வீட்டுத் தரைக்குள் புதைந்து கிடந்தது. வீட்டையே கொளுத்தப்போகிறார்கள், கூடாரத்தில் எங்கே புதைப்பது? தோண்டி எடுத்தார்கள். எடுத்ததைக் கொண்டுவந்து கொட்டிய இடம் காந்தியின் அலுவலகம். வெள்ளிக் காசும் செப்புக் காசுமாக மூட்டை மூட்டையாக வந்தது. தனக்குத் தெரிந்த வங்கி மானேஜரிடம் போய்ப் பேசினார். வங்கிகளுக்குச் செப்பும் வெள்ளியும் அவ்வளவாக வேண்டாம், அதுவும் பிளேக் பகுதியிலிருந்து வந்த காசைக் குமாஸ்தாக்கள் தொட மறுக்கலாம். மானேஜர் உதவி செய்ய ஒப்புக்கொண்டார். காசுகளுக்கெல்லாம் கிருமிநாசினி போட்டு வங்கிக்கு அனுப்பினார்கள். மொத்தம் ஏறக்குறைய 60,000 பவுன். அந்தக் காலத்தில் அது பெரும் தொகை. கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தவர்களிடம் நிரந்தர வைப்பில் போடச் சொன்னார். பலருக்கு வாழ்க்கையில் முதல் வங்கிக் கணக்கு பிளேக்கால் வந்தது!

கொள்ளைநோய்த் தொண்டு என்றால் மருந்தும் கஞ்சியும் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அந்த மக்களின் பெரிய பயம் சாவு மட்டுமல்ல. பிழைத்த பிறகு கையில் என்ன இருக்கும் என்பதும்தான். தரையைத் தோண்டி எடுத்த காசுக்கு ஒரு பாதுகாப்பான இடம் கிடைத்திராவிட்டால் பாதிப் பேர் வீட்டை விட்டு அசைந்திருக்க மாட்டார்கள். சிப்பாய் வந்திருப்பான்.

தனி ரயிலில் கிளிப்ஸ்ப்ரூட்டுக்குப் போனார்கள். கூடாரம், திறந்தவெளி, புது இடம். முதலில் பயந்து போயிருந்தவர்கள் ஒரு நாளிலேயே தேறிவிட்டார்கள். காந்தி சைக்கிளில் போகும்போதெல்லாம் பாட்டும் சிரிப்புமாக இருந்தார்களாம். மூன்று வாரம் அங்கே இருந்தார்கள். காலி செய்த மறுநாளே லொகேஷனுக்குத் தீ வைக்கப்பட்டது. அதே சமயத்தில் மார்க்கெட்டில் செத்த எலிகள் கிடந்ததால், நகராட்சி அங்கிருந்த தன்னுடைய மரச் சாமான்களையும் கொளுத்தியது. நஷ்டம் சுமார் 10,000 பவுன். எலிக்கும் நோய்க்கும் ஏதோ சம்பந்தம் என்பது வரை தெரிந்திருந்தது. இதில் கொஞ்சமாவது முன்பே துப்புரவுக்குச் செலவழித்திருந்தால் எதையுமே கொளுத்த வேண்டியிருந்திருக்காது என்பதுதான் வேதனை.

நகராட்சிக்கு இவ்வளவு ஒத்துழைத்தது சரியா என்ற கேள்வி எழாமல் இல்லை. இந்தியர்களுக்கு அது செய்த கேடுகள் பல இருந்தும் முடிந்தவரை உதவினேன், நான் ஒதுங்கியிருந்தால் ஆயுத பலத்தைக் காட்டியிருப்பார்கள் என்பது காந்தியின் பதில். அன்றைய நிலையில் அது நியாயமான பதில்தான். ஆனால் அந்த உதவியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிளேக்கைச் சாக்காக வைத்து நகரத்தின் நடுவிலிருந்து வெள்ளையர் அல்லாதவர்களை அப்புறப்படுத்துவது தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. 1901-ல் கேப்டவுனில் கறுப்பின மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள், அந்த இடம்தான் இண்டபேனி. மேனார்டு ஸ்வான்சன் என்ற வரலாற்றாசிரியர் 1977-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இந்தப் போக்குக்கு 'சுகாதார நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார். சுகாதாரம் என்ற பெயரில் வந்த இனப் பிரிவினை.

லொகேஷனில் இருந்த கறுப்பின மக்களும் கிளிப்ஸ்ப்ரூட்டுக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். இந்தியர்கள் மூன்று வாரத்தில் திரும்பினார்கள், அவர்களுக்கோ அதுவே நிரந்தர இடமாகிப்போனது. பக்கத்திலேயே நகரத்தின் சாக்கடைப் பண்ணை. "சுகாதாரத்துக்காக" ஒரு ஜனத்தைச் சாக்கடைப் பண்ணை அருகில் குடியேற்றியதை என்னவென்று சொல்வது? காந்தி எழுதியதில் அவர்களைப் பற்றி அதிகம் இல்லை. தொண்டர்களின் பார்வை தங்கள் சமூகத்தோடு நின்றுவிட்டது. அந்த ஊரில், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்த குறைதான், இருந்தாலும் குறைதான். கிளிப்ஸ்ப்ரூட் பிறகு பிம்வில் ஆயிற்று. அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புகளுக்கெல்லாம் சேர்த்து 1963-ல் வைத்த பெயர் சொவேட்டோ.

டாக்டர் காட்ஃப்ரேயின் கதை வேறு விதமாகப் போனது. 1906-ல் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து முறையிடக் காந்தியும் ஹாஜி அலியும் லண்டன் போனபோது, காந்திக்கு எங்கள் சார்பில் பேச அதிகாரம் இல்லை என்று ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரு மனு போனது. அனுப்பியவர்கள் இருவர். ஒருவர் சி.எம். பிள்ளை, இன்னொருவர் இதே வில்லியம் காட்ஃப்ரே! லண்டனில் படித்துக்கொண்டிருந்த காட்ஃப்ரேயின் சகோதரர்களே காந்தி பக்கம் நின்றார்கள். ஆனால் பல வருடம் கழித்து 'சத்திய சோதனை' எழுதியபோது, பிளேக் வீட்டுக்கு ஓடி வந்த டாக்டரைப் பற்றிக் காந்தி எழுதியதில் ஒரு கசப்பும் கிடையாது.

எரிந்துபோன லொகேஷனிலிருந்து வந்த இந்தியர்களில் பலர் மலாய் லொகேஷன் என்ற பக்கத்துக் குடியிருப்புக்குப் போனார்கள். பிறகு பேஜ்வியூ என்று பெயர் பெற்ற அந்த இடத்திலிருந்தும் 1970-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி வெளியேற்றப்பட்டார்கள். அப்போது பிளேக் எதுவும் இல்லை, அரசாங்கத்துக்கு அந்தச் சாக்குகூடத் தேவைப்படவில்லை. கொளுத்தப்பட்ட பகுதிக்கு 1904-லேயே நியூடவுன் என்று புதுப் பெயர் வந்துவிட்டது. அங்கே 1913-ல் இந்தியர்களின் பழ மார்க்கெட்டாகக் கட்டப்பட்ட ஒரு கட்டடம் 1976-ல் நாடகக் கொட்டகையாக மாறியது. நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒன்றாக உட்கார்ந்து நாடகம் பார்த்த மார்க்கெட் தியேட்டர் அதுதான்.